மூன்று தபால் பெட்டி, இரண்டு மீட்டர்: வாடகைக் கட்டடம் வாங்குமுன் ஜோனிங் பார்ப்பது எப்படி?

வாசலில் மூன்று தபால் பெட்டி இருந்தது. பக்கச் சுவரில் மின்சார மீட்டர் இரண்டுதான். வாடகைக்கு விடுவதற்காக நியூ ஜெர்சியில் பல குடும்ப வீடு ஒன்றைத் தேடி அலைந்த நாட்களில் பார்த்தது அது. ‘மூன்று குடும்ப வீடு, மூன்றிலும் ஆள் இருக்கிறார்கள், முதல் மாதமே வருமானம்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். மூன்றாவது வீடு பேஸ்மென்ட்டில் இருந்தது. படி இறங்கியதும் பாய்லர், அதைத் தாண்டி ஒரு தட்டிச் சுவர், சுவருக்குப் பின்னால் ஒரு கட்டில். கட்டில் காலில் ஒரு பள்ளிக்கூடப் பை மாட்டியிருந்தது. அந்த அறைக்கு இருந்த ஒரே ஜன்னல் என் தலைக்கு மேலே, செருப்புப் பெட்டி அகலத்தில் இருந்தது.

அன்றிலிருந்து எந்தக் கட்டடத்தைப் பார்க்கப் போனாலும், வாடகையைக் கேட்பதற்கு முன்பே, எத்தனை வீட்டுக்குக் காகிதம் இருக்கிறது என்று கேட்டுவிடுகிறேன். கதவை எண்ணி விலை பேசுகிறவர்கள்தான் ஜோனிங்கில் மாட்டுகிறார்கள். நம்மவர்களில் பலர் ஒரு வேலையின் சேமிப்பு முழுவதையும் கொண்டுபோய் இந்த மாதிரிக் கட்டடத்தில் போடுகிறார்கள். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஜோனிங் என்றால் எந்த இடத்தில் எதைக் கட்டலாம், எத்தனை குடும்பம் இருக்கலாம், எத்தனை கார் நிறுத்த இடம் விட வேண்டும் என்று ஊர் நிர்வாகம் போட்டிருக்கும் விதி. அமெரிக்காவில் இதற்கு அடித்தளமான தீர்ப்பு 1926இல் வந்தது. ஒஹாயோவின் யூக்ளிட் என்ற சிற்றூர் தொடர்பான வழக்கில், இப்படி விதி போட ஊர்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தனி வீடுகள் இருக்கும் பகுதிக்குள் வரும் அடுக்குமாடி வீடு வெறும் ஒட்டுண்ணி என்று அந்தத் தீர்ப்பே எழுதியது. அந்த மனப்பான்மைதான் பின்னால் ஊர் ஊராகப் பரவி, பழைய பல குடும்ப வீடுகள் நின்ற தெருக்களையும் தனி வீட்டு மண்டலமாக மாற்றிவிட்டது. வீடு அங்கேயே நிற்கிறது, அதைச் சுற்றி விதி மாறிவிட்டது. மாசசூசெட்ஸின் சாமர்வில் நகரில், சில ஆண்டுகளுக்கு முன் நகரத் திட்டத் துறையே எண்ணிப் பார்த்தபோது, அப்போதைய விதிகள் எல்லாவற்றுக்கும் பொருந்திய குடியிருப்புக் கட்டடங்கள் மொத்தம் 22தான் தேறின. அங்கே சுமார் 80,000 பேர் வாழ்கிறார்கள். ஆகவே விதிக்குப் பொருந்தவில்லை என்ற ஒரு வார்த்தையைக் கேட்டே பயந்து ஓட வேண்டியதில்லை. எந்த வகையில் பொருந்தவில்லை என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வாங்க நினைக்கிறவர் முன்னால் நடைமுறையில் நான்கு வழிகள் வருகின்றன. இன்றைய விதிக்கு முழுக்கப் பொருந்தும் கட்டடம் ஒன்று. விதி வருவதற்கு முன்பே இருந்ததால் பழைய உரிமையில் நிற்கும் கட்டடம் இன்னொன்று. அனுமதி இல்லாமல் ஒரு வீட்டைக் கூடுதலாகச் சேர்த்த கட்டடம் மூன்றாவது. தனி வீட்டை வாங்கி, பிறகு பல வீடாக மாற்றிக்கொள்ளலாம் என்பது நான்காவது.

முழுக்கப் பொருந்தும் கட்டடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மண்டலம் இரண்டு குடும்பத்துக்கு, வீடும் இரண்டு குடும்பத்துக்கு, எத்தனை குடும்பம் குடியிருக்கலாம் என்று ஊர் நிர்வாகம் தரும் குடியிருப்புச் சான்றிலும் (எல்லோரும் சி.ஓ. என்பார்கள்) இரண்டு என்றே இருக்கிறது. வங்கி கேள்வி கேட்காது. எரிந்து போனாலும் அதேபோலத் திரும்பக் கட்டலாம். விலைதான் கூடுதலாக இருக்கும், போட்டிக்கும் ஆள் இருப்பார்கள். முதல் தடவை வாங்குகிறவர், காகிதத்துக்கு அலைய நேரம் இல்லாதவர், அவசரமாகக் குடியேற வேண்டியவர் இதை வாங்குவதே நல்லது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். எத்தனை குடும்பம் என்பதில் பொருந்திவிட்டு, கார் நிறுத்தும் இடத்திலோ பக்க இடைவெளியிலோ பொருந்தாமல் போகும் வீடுகளும் உண்டு. அது பெரிய ஆபத்து இல்லை. ஆனால் பின்னால் ஓர் அறை கூட்டிக் கட்டப் போகும்போது தடையாக வந்து நிற்கும்.

பழைய உரிமையில் நிற்கும் வீடுதான் என் கண்ணில் பலரும் தவறாக எடை போடுவது. ஏஜென்ட்டுகள் ‘கிராண்ட்ஃபாதர்டு’ என்பார்கள். சிலர் அந்தச் சொல்லைக் கேட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள், சிலர் விலகியே போய்விடுகிறார்கள். உண்மையில் இது சட்டப்படியான உரிமை. விதி வருவதற்கு முன்பே அந்தப் பயன்பாடு சட்டப்படி இருந்தது, இடையில் கைவிடப்படவில்லை என்று காட்ட முடிந்தால் அதைத் தொடரலாம். கட்டடம் கைமாறினாலும் உரிமை நிலத்தோடு வரும்.

ஆனால் இந்த உரிமைக்கு எல்லை உண்டு. பெரிதாக்க முடியாது. மூன்று வீடு இருந்தால் மூன்றுதான், நான்காவது கிடையாது. பல ஊர்களில் குறிப்பிட்ட காலம் காலியாகக் கிடந்தால் உரிமை போய்விடும். ஓராண்டு என்பது பரவலாக இருக்கும் வரம்பு, நியூயார்க் நகரில் 2 ஆண்டு. நியூ ஜெர்சியில் காலக் கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை, கைவிடும் எண்ணம் இருந்ததா என்றும் பார்ப்பார்கள். எப்படியானாலும் ‘காலியாக ஒப்படைக்கிறோம்’ என்று விற்பவர் சொல்வதை நல்ல செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்ளாமல், எத்தனை நாளாகக் காலி என்று கேட்டுவிடுங்கள்.

பெரிய கேள்வி தீ. பல ஊர்களின் விதிப்படி, கட்டடத்தில் பாதிக்கு மேல் அழிந்தால் பழைய உரிமை முடிந்தது, திரும்பக் கட்டும்போது இன்றைய விதிக்குத்தான் கட்ட வேண்டும். நியூ ஜெர்சிச் சட்டம் பகுதி அழிவுக்குத்தான் பழுதுபார்க்கும் உரிமை தருகிறது, முழு அழிவுக்குத் தருவதில்லை. நினைத்துப் பாருங்கள்: மூன்று வீட்டு வாடகையை நம்பி வாங்கிய கடன் அப்படியே இருக்கும், மனையில் ஒரே ஒரு வீடு கட்டத்தான் அனுமதி கிடைக்கும். சாதாரண வீட்டுக் காப்பீடு இந்த இழப்பை முழுக்க ஈடுகட்டாது. ‘ஆர்டினன்ஸ் ஆர் லா’ என்ற கூடுதல் பாதுகாப்பைக் கேட்டு வாங்க வேண்டும். அதிலும், சேதமடையாமல் நிற்கும் பகுதியை விதியின் பேரில் இடிக்கச் சொன்னால் அதன் மதிப்பும் கிடைக்குமா, இடிக்கும் செலவும் புது விதிப்படி கட்டும் கூடுதல் செலவும் எந்த வரம்பு வரை கிடைக்கும் என்று தனித்தனியாகக் கேளுங்கள். வாடகை இழப்புக்கு வேறு பிரிவு. இந்தக் கூடுதல் பிரிமியத்தைச் சேர்த்துப் பார்த்த பிறகும் கணக்கு நின்றால்தான் அது வாங்கக்கூடிய வீடு.

இந்த உரிமையை வாய்ச்சொல்லில் விட்டுவிடாமல் காகிதமாக்கிக்கொள்ள நியூ ஜெர்சியில் நல்ல வழி இருக்கிறது. நகராட்சி நிலப் பயன்பாட்டுச் சட்டத்தின் 68ஆம் பிரிவின்படி, வாங்கப்போகிறவரே கூட இந்தப் பழைய உரிமைக்குச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கலாம். விதி வந்து ஓராண்டு தாண்டிவிட்டால், ஊரின் ஜோனிங் குழுவிடம் போக வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு நம்முடையது. பழைய வரி அட்டை, பழைய பர்மிட், மின்சாரக் கணக்கு, தொலைபேசிப் புத்தகத்துக்கு முந்தைய காலத்து நகர டைரக்டரி, பல காலமாகப் பக்கத்தில் இருப்பவர்களின் வாக்குமூலம் எல்லாம் உதவும். தீக் காப்பீட்டுக்காக ஒரு காலத்தில் வரைந்த சான்பார்ன் வரைபடங்களும் கைகொடுக்கும். அவற்றில் தனி வீட்டுக்கு டி என்றும், ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் ஃப்ளாட்டுகளுக்கு எஃப் என்றும் கட்டடத்தின் மேலேயே எழுத்து இருக்கும். நாங்கள் வாங்கிய வீட்டுக்கு அந்த ஓர் எழுத்துதான் வக்கீலின் கோப்பில் முதல் பக்கமாக நின்றது.

அடுத்தது, அனுமதி இல்லாமல் சேர்த்த வீடு. சந்தையில் நிறைய கிடப்பது இதுதான், நல்ல மனிதர்கள் விழுவதும் இதில்தான். பழைய உரிமை வீட்டையும் இதையும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. இரண்டும் இன்றைய விதிக்குப் பொருந்தவில்லை. ஒன்றுக்கு ஒரு காலத்தில் சட்டம் இடம் கொடுத்தது, மற்றதற்கு ஒருநாளும் கொடுத்ததில்லை. ‘முப்பது வருஷமாக இப்படித்தான் இருக்கிறது, யாரும் கேட்கவில்லை’ என்று விற்பவர் சொல்வார். யாரும் கேட்காமல் இருந்த வருஷங்கள் சேர்ந்து உரிமையாகிவிடாது.

முதலில் பணம். மேலே இரண்டு வீட்டுக்கும் தலா 1,800 டாலர், பேஸ்மென்ட்டுக்கு 1,400 டாலர், மாதம் 5,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பேஸ்மென்ட் போனால் 3,600. அந்த 1,400 டாலரில் செலவு போக ஆண்டுக்கு 12,000 டாலர் நிற்கிறது, சந்தை விலையில் 6 சதவீதம் ஆண்டு வருமானமாக வரும்படி விலை போடுகிறது என்றால், இல்லாத ஒரு வீட்டுக்காக நீங்கள் 2,00,000 டாலர் கொடுக்கிறீர்கள். ஏலம் சூடாகப் போகும் வாரத்தில் இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

வங்கிப் பக்கம் பார்த்தால், இரண்டு முதல் நான்கு வீடு உள்ள கட்டடத்துக்கு, அதன் மதிப்பைக் கணிக்கும் அப்ரைசர் நிரப்பும் 1025 எண் படிவத்தில் ஜோனிங்குக்கு நான்கு கட்டங்கள் இருக்கின்றன: சட்டப்படி, பழைய உரிமைப்படி, ஜோனிங் இல்லை, சட்டவிரோதம். அவர் கடைசிக் கட்டத்தில் குறி போட்டுவிட்டால் கடன் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். போடாமல் விட்டாலும் பேஸ்மென்ட் வாடகையை வருமானமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சட்டப்படி நான்கு வீடும், ஒட்டுக்கு ஐந்தாவதும் உள்ள கட்டடம் இன்னும் சிக்கல். நான்கு வரைதான் வீட்டுக் கடன், ஐந்து என்றால் வணிகக் கடன்.

நீங்கள் கையில் பணமாகவே கொடுத்து வாங்கினாலும் சட்டம் விடாது. நியூயார்க்கில் மூன்று அல்லது அதற்கு மேல் குடும்பங்கள் இருக்கும் கட்டடத்துக்குச் சரியான சி.ஓ. இல்லையென்றால், பல்குடும்பக் குடியிருப்புச் சட்டத்தின் 302ஆம் பிரிவின்படி வாடகை வசூலிக்கவே முடியாது. இரண்டு குடும்ப வீட்டில் மூன்றாவதாக ஒரு பேஸ்மென்ட் சேர்ந்தால் மேலே இருப்பவர்களின் வாடகைக்கும் அதே கதி வரலாம். நியூ ஜெர்சியில், சட்டவிரோத வீடு என்பதால் ஊர் நடவடிக்கை எடுத்துக் குடியிருப்பவர் வெளியேற நேர்ந்தால், அவருக்கு 6 மாத வாடகைக்குச் சமமான தொகையை உரிமையாளர் கொடுக்க வேண்டும். நீங்கள் வாங்கிய மறுமாதமே அது நடந்தாலும் உரிமையாளர் நீங்கள்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே உயிர். 2021 செப்டம்பர் 1ஆம் தேதி இரவு ஐடா புயலின் மழையில் நியூயார்க் நகரில் 13 பேர் இறந்தார்கள். அவர்களில் 11 பேர் பேஸ்மென்ட் வீடுகளில் இருந்தவர்கள். தூங்கும் அறையிலிருந்து தப்பிக்கும் ஜன்னலுக்குத் திறப்பு 5.7 சதுர அடி வேண்டும், அதன் கீழ் விளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்று பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றும் கட்டட விதி சொல்வது இதற்காகத்தான். அந்தப் பள்ளிக்கூடப் பை மாட்டியிருந்த அறையில் இந்த இரண்டு அளவுமே இல்லை. அந்த வாடகையை நான் எந்த விலைக்கும் வாங்க மாட்டேன்.

சரி, வாங்கிச் சட்டப்படி ஆக்கிக்கொள்ளலாமே? ஆக்கலாம், ஆனால் இரண்டு தனித்தனி வாசல் தாண்ட வேண்டும். மண்டலம் மூன்று குடும்பத்தை அனுமதிக்காவிட்டால் ‘வேரியன்ஸ்’ என்ற விதிவிலக்கு வாங்க வேண்டும். நியூ ஜெர்சியில் பயன்பாட்டையே மாற்றும் விதிவிலக்குக்கு 7 பேர் குழுவில் 5 வாக்கு வேண்டும். 200 அடிக்குள் இருக்கும் எல்லா உரிமையாளருக்கும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். விண்ணப்பம் முழுமை என்று ஏற்ற பிறகு முடிவு சொல்ல 120 நாள் அவகாசம். கார் நிறுத்த இடமில்லை என்று அக்கம்பக்கத்தார் கிளம்பினால் அந்த ஐந்தாவது வாக்கு கிடைப்பது கஷ்டம். அதைத் தாண்டினாலும் கட்டட விதி இருக்கிறது. ஒன்று, இரண்டு குடும்ப வீட்டுக்கு ஒரு விதித்தொகுப்பு, மூன்றாகிவிட்டால் வேறு. வீடுகளுக்கு நடுவே தீத்தடுப்புச் சுவர், வெளியேறும் வழி, சில இடங்களில் தீயணைக்கத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் என்று செலவு வேறு தளத்துக்குப் போய்விடும். தரை முதல் கூரை வரை 7 அடி உயரம் இல்லாத பேஸ்மென்ட்டை நோண்டி ஆழப்படுத்த யாராவது விலை சொன்னால் அதைக் கேட்ட பிறகு முடிவெடுங்கள்.

அதனால் இந்த வகை வீட்டை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. காகிதத்தில் இருக்கும் எண்ணிக்கைக்கு மட்டும் விலை கொடுங்கள். அனுமதி பிறகு கிடைத்தால் அது லாபம். குடியிருப்பவர்களுக்குச் சேர வேண்டிய தொகையையும், அவர்களுக்கு மாற்று வீடு பார்க்கும் அவகாசத்தையும் விற்பவரின் பொறுப்பாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அவர்களை ராவோடு ராவாகக் கிளப்பிவிட்டு ‘காலி வீடு’ என்று கொடுப்பதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நான்காவது வழியைப் பற்றிப் பேச்சு இப்போது அதிகம். மினியாபோலிஸ் நகரம் தன் 2040 திட்டத்தின் வழியாகத் தனி வீடு மட்டும் என்ற மண்டலத்தை எடுத்துவிட்டது. ஓரிகன் 2019இல் மாநில அளவில் இதே நோக்கில் சட்டம் போட்டது. தனி வீட்டு மனையை இரண்டாகப் பிரிக்கவும், அதில் இரண்டு வீடு கட்டவும் இடம் கொடுக்கும் கலிஃபோர்னியாவின் எஸ்பி 9 சட்டம் 2022 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. நல்ல மாற்றம், எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் சட்டம் இடம் கொடுப்பதும் உங்கள் மனையில் கட்ட முடிவதும் வேறு வேறு. எஸ்பி 9இல் மனையைப் பிரிக்க விண்ணப்பிப்பவர், அதில் ஒரு வீட்டில் 3 ஆண்டு குடியிருக்கும் எண்ணம் இருப்பதாக உறுதி தர வேண்டும். முழுக்க முதலீட்டுக்கு வாங்குகிறவருக்கு அது பொருந்தாது. பத்திரத்திலேயே ‘ஒரு குடும்பம் மட்டும்’ என்ற தனியார் கட்டுப்பாடு இருந்தால் ஊர் ஜோனிங் மாறினாலும் அது தானாகப் போய்விடும் என்று எண்ணிவிடக் கூடாது. ஜோனிங்கே இல்லாத ஹூஸ்டனில் இந்தப் பத்திரக் கட்டுப்பாடுகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. இந்த வழி கட்டுமானம் தெரிந்தவருக்கு, வாடகை வராத காலத்தைத் தாங்கும் பணம் உள்ளவருக்கு.

நான்கில் எது என்று முடிவு செய்ய, கையில் இருக்கும் காகிதம் எதை நிரூபிக்கிறது என்று தெரிய வேண்டும். இங்கேதான் குழப்பம் அதிகம். வரிப் பதிவில் மூன்று குடும்பம் என்று இருக்கலாம். வரி போடுகிறவர் இருப்பதைப் பார்த்து வரி போடுகிறார், அவ்வளவுதான். மூன்று வீட்டுக் கட்டடத்தை மாநிலத்தில் பதிவு செய்திருப்பார்கள். அது பாதுகாப்புச் சோதனைக்கான பதிவு, ஜோனிங் அனுமதி ஆகாது. மூன்று மீட்டர் இருப்பதும் அப்படித்தான். டைட்டில் இன்சூரன்ஸ் (சொத்தின் உரிமையில் வரும் சிக்கலுக்கான காப்பீடு) இருக்கிறதே என்பார்கள். சாதாரண பாலிசி ஜோனிங்கைத் தொடாது, கூடுதல் கட்டணத்துக்குத் தனி ஒப்புதல் சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

சி.ஓ.வும், இறுதி ஆய்வு முடிந்து மூடப்பட்ட பர்மிட்டும், ஜோனிங் அதிகாரி கையெழுத்திட்ட கடிதமும்தான் எடை உள்ளவை. நியூ ஜெர்சியில் பொதுப் பதிவேட்டுச் சட்டப்படி அந்த முகவரியின் முழுக் கோப்பையும் கேட்கலாம், பொதுவாக 7 வேலை நாளில் பதில் வர வேண்டும்; வணிக நோக்கத்துக்கான கோரிக்கை என்றால் 14 வேலை நாள் வரை ஆகலாம். ஆஃபர் போடுவதற்கு முன்பே கேளுங்கள். நான் கேட்ட ஓர் ஊரில் கோப்பு என்று வந்தது இரண்டே காகிதம். ஒன்று 1960களில் கூரை மாற்றிய பர்மிட். மற்றது தட்டச்சில் ‘2 குடும்பம்’ என்றிருந்து, பேனாவால் 3 என்று திருத்தப்பட்ட அட்டை. திருத்தத்துக்குப் பக்கத்தில் கையெழுத்தும் இல்லை, தேதியும் இல்லை. விற்பவர் தரப்பு அதைத்தான் ஆதாரம் என்று காட்டியது.

என் வரிசை இதுதான். பழைய உரிமையை உறுதிசெய்யும் சான்றிதழ் கிடைக்கும் என்றால், அதைப் பெறும்வரை விற்பவர் பொறுப்பார் என்றால், அந்த வீட்டைத்தான் முதலில் எடுப்பேன். மற்றவர்கள் பயந்து விலகுவதால் விலையில் இடம் இருக்கும், ஆபத்தோ காப்பீட்டில் அடங்கும். பொறுக்க மாட்டார் என்றால் முழுக்கப் பொருந்தும் வீடு. அனுமதி இல்லாத வீடு உள்ள கட்டடம், அந்த வீட்டைப் பூஜ்யமாக எண்ணிய விலைக்குக் கிடைத்தால் மட்டும். மாற்றிக்கட்டும் திட்டம் எனக்குக் கடைசி.

நியூ ஜெர்சியில் ஏஜென்ட் தயாரிக்கும் வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகு வக்கீல் பார்க்க 3 வேலை நாள் உண்டு. அந்த மூன்று நாளில் இவற்றைச் சேர்க்கச் சொல்லுங்கள்: கட்டடம் சட்டப்படி இத்தனை குடும்பத்துக்கானது என்று விற்பவர் எழுத்தில் உறுதி தர வேண்டும், பழைய உரிமை என்றால் சான்றிதழ் வந்த பிறகே விற்பனையை முடிக்கும் க்ளோசிங், வராவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும். இதற்கு மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

அந்த மூன்று தபால் பெட்டி வீட்டுக்கு நாங்கள் இரண்டு குடும்ப விலைதான் சொன்னோம், அவர்கள் ஒப்பவில்லை. பிறகு கிடைத்த பழைய மூன்று குடும்ப வீட்டுக்குச் சான்றிதழ் வர ஐந்து மாதம் பிடித்தது. அந்த ஐந்து மாதத்தில் வட்டி ஏறிவிடுமோ, விற்பவர் மனம் மாறிவிடுமோ என்று தினமும் கலங்கினோம். குழு ஒப்புக்கொண்ட இரவு, தீர்மானத்தின் நகல் ஒன்றைப் பத்திரத்தோடு வைத்தோம், இன்னொன்றைக் காப்பீட்டுக்காரருக்கு அனுப்பினோம். மூன்று வீட்டுக்கும் முழுத் தொகைக்குப் பாலிசி போட அவர் கேட்ட முதல் காகிதம் அதுதான்.